மணற்கல் யார்டு: கல்லுக்கு நாலு நட்சத்திரம், விற்பனை கவுண்டருக்கு இரண்டு

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் என்3 சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கல் யார்டைப் பற்றியது இது. பெயரைப் போடவில்லை. சீலர், அதாவது கல்லில் கறை இறங்காமல் இருக்க அடிக்கும் பூச்சு, அந்த டின் விஷயத்தில் அவர்களோடு எங்களுக்கு ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. அது முடியும்வரை பெயரை இழுப்பது முறையில்லை. பெயர் தெரியாததால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி, மணற்கல் விற்கும் எந்த இடத்துக்கும் பொருந்தும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு: சரக்கு நல்லது, வெட்டு வேலை பிரமாதம், கவுண்டரில் தரும் ஆலோசனையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் அம்மன் கோயில் முற்றத்துக்குத் தளம் போட வேண்டியிருந்தது. சாதாரண வீட்டு முற்றம் என்றால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. இங்கே தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துவரும் கூட்டம் முழுக்க வெறுங்காலில் நடக்கும். பால்குடம் வழியும். அபிஷேகத் தண்ணீர் மஞ்சளோடு ஓடும். விளக்கெண்ணெய் சொட்டும். வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு வரிசையாக எரியும். இத்தனையும் ஒரு கல்லின் மேல் விழுந்தால், பத்து வருஷம் கழித்து அந்தக் கல் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. கமிட்டி என்னை முன்னால் தள்ளிவிட்டது. நான் நெய்வேலியில் வளர்ந்தவள். கேப் டவுனில், கடலுக்கடியில் கிணறு தோண்டும்போது எடுக்கும் பாறை உருளைகளை அளந்து, எழுதி, பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "கல்லைப் பார்த்தே சம்பளம் வாங்கினவ நீ, நீயே போய்ப் பாரு" என்றார் ராஜூ அண்ணா. கமிட்டித் தலைவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

யார்டு பெரியது. முன்னால் கிரானைட், மார்பிள், தோட்டத்துக்கான நீரூற்று, சிங்கம், இரண்டு வெள்ளைப் புத்தர். மணற்கல் பின்பக்கம், வெட்டும் கொட்டகைக்குப் பக்கத்தில். மூன்று ரகம் வைத்திருக்கிறார்கள். ஒன்று வெண்மஞ்சள், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்திலிருந்து வருவது. இரண்டாவது செம்பழுப்பு, டர்பன் இருக்கும் நம்ம நேட்டால் பகுதிக் கல். க்ளூஃப் பள்ளத்தாக்கில் செங்குத்துச் சுவராக நிற்கிறதே, அதே குடும்பம். மூன்றாவது சாம்பல் வெள்ளை, கேப் மலைகளிலிருந்து வருவது. கேப் டவுனின் மேஜை மலைக்கு (டேபிள் மவுண்டன்) சொந்தக்காரக் கல். விலை இதே வரிசையில் ஏறுகிறது. கேப் கல் வெண்மஞ்சளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, லாரி வாடகை அதில் பாதியைத் தின்கிறது.

மூன்றுக்கும் சீட்டில் ஒரே பெயர்தான்: மணற்கல். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையான பையன்தான், "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று சுற்றிச் சுற்றி வந்தான். ஆனால் சொன்னது என்ன? "மூணும் ஒண்ணுதான் ஆன்ட்டி, கலர்தான் வேற. பழைய கல் கெட்டியா இருக்கும், புதுசு கொஞ்சம் மெதுவா இருக்கும், அவ்வளவுதான். சீலர் அடிச்சா எல்லாம் சமம்."

மூன்று வாக்கியம், மூன்றும் தப்பு.

பையில் எப்போதும் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸையும், தண்ணீர் பாட்டிலையும் எடுத்தேன். மூன்று கல்லிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். வெண்மஞ்சள் கல்லில் சொட்டு விழுந்ததும் தட்டையாகி, ஓரம் கறுத்து, கொஞ்ச நேரத்தில் ஈரத் தடம் மட்டும் மிச்சம். செம்பழுப்பில் சொட்டு உட்கார்ந்திருந்தது, பிறகு மெல்ல மெல்லச் சுற்றிலும் ஒரு நிழல் பரவியது. கேப் கல்லில் சொட்டு உருண்டையாக நின்றது, நான் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு வரும்வரை அப்படியே நின்றது. தம்பியும் குனிந்து பார்த்தான். "பாலிஷ் போட்டிருக்காங்களா?" என்று கேட்டான். உடைந்த முகம் அது, பாலிஷ் எங்கிருந்து வரும்?

லென்ஸில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. வெண்மஞ்சள் கல்லை உடைத்த முகத்தில் ஒவ்வொரு மணலும் தனித்தனியாக, உருண்டையாக நிற்கிறது. விரலால் தேய்த்தால் மணல் உதிர்கிறது. உடைசல் மணலைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. கேப் கல்லில் உடைசல் மணலின் நடுவிலேயே புகுந்து போயிருக்கிறது. முகம் முழுக்கக் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும், எங்கே ஒரு மணல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. ஒட்டுப் பசை மணலைவிடப் பலவீனமா, மணல் அளவுக்கே பலமா என்பதை இந்த ஒரு பார்வையே சொல்லிவிடும். சுத்தியல் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள், துண்டுகளை உடைத்துப் பார்க்கவும் விட்டார்கள். இதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

இப்போது வயது விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "பழசு என்றால் கெட்டி" என்பதை எல்லா யார்டிலும் சொல்கிறார்கள். நேட்டால் கல்லுக்கு வயது சுமார் 49 கோடி வருஷம், உண்மைதான், கெட்டிதான். ஆனால் அமெரிக்காவில் செயின்ட் பீட்டர் மணற்கல் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் சுமார் 46 கோடி வருஷத்துப் பழசு, கையால் அழுத்தினால் பல இடங்களில் பொலபொலவென்று உதிரும். அதை வெட்டியெடுத்துக் கண்ணாடித் தொழிற்சாலைக்கு மணலாகவே விற்கிறார்கள். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் 50 கோடி வருஷத்துக்கும் மேலான களிமண் இன்னமும் பிசையும் பதத்தில் கிடக்கிறது. பிறந்த தேதி ஒரு கல்லைக் கெட்டியாக்காது. எவ்வளவு ஆழத்தில் புதைந்தது, எவ்வளவு சூட்டில் எவ்வளவு காலம் கிடந்தது, அந்தச் சூட்டில் உள்ளே ஓடிய தண்ணீர் எதைக் கொண்டுவந்து படியவைத்தது, எதைக் கரைத்துக்கொண்டு போனது என்பதுதான் கணக்கு.

ஆற்றிலோ பாலைவனத்திலோ மணல் முதலில் படியும்போது, நூற்றுக்கு 40 பங்கு வெற்றிடம்தான். நம் காலடியில் கிடக்கும் கடற்கரை மணலும் அப்படித்தான். அதன் மேல் அடுக்கு மேல் அடுக்காக மண்ணும் சேறும் விழ விழ, கடுகு டப்பாவைத் தட்டித் தட்டி நிரப்புகிறபோது நடப்பதுதான் நடக்கிறது: மணிகள் நகர்ந்து, ஒன்றின் இடுக்கில் ஒன்று உட்கார்ந்து, மட்டம் இறங்குகிறது. நல்ல குவார்ட்ஸ் (மணலில் பெரும்பாலும் இருக்கும் கெட்டியான தாது) மணலாக இருந்தால் இந்த அமுக்கல் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், வெற்றிடம் 26 சதவீதத்தை ஒட்டி வந்ததும் ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குமேல் மணிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. களிமண் உருண்டை, மைக்கா (அப்பிரகம்) மாதிரி மெதுவான துணுக்குகள் கலந்திருந்தால் அவை நசுங்கி இடுக்குகளில் பிதுங்கும், வெற்றிடம் இன்னும் குறையும்.

அதற்குப் பிறகு வேலை செய்வது எடையைவிடச் சூடு. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி ஏறும். 70, 80 டிகிரி தாண்டியதும் குவார்ட்ஸ் மணலின் மேலேயே புதுக் குவார்ட்ஸ் வளரத் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய சிலிக்கா, அதாவது குவார்ட்ஸின் மூலப்பொருள், பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. மணியும் மணியும் தொடும் இடத்தில், அதிலும் நடுவில் களிமண்ணோ மைக்காவோ இருந்தால், கல் கரைகிறது. கரைந்தது பக்கத்து வெற்றிடத்தில் போய்ப் படிகிறது. 100 டிகிரி தாண்டினால் வேகம் கூடும். வேகம் என்றால் நம் வேகம் அல்ல, கோடி வருஷக் கணக்கில். ஆனால் கல்லுக்கு நேரம் இருக்கிறது.

கேப் டவுனில் வேலை பார்த்தபோது பாறை உருளையிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் காட்டுவார்கள். அங்கே பார்த்த ஒன்றை இன்றைக்கும் மறக்கவில்லை. பட்டை பட்டையாக, நேர்க்கோட்டு விளிம்போடு ஒரு படிகம். அதன் நடுவில் பொடிப்பொடியாகத் தூசிப் புள்ளிகள் வரிசை கட்டி ஒரு வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டம்தான் பழைய மணல்மணியின் உருவம். ஆற்றில் உருண்டு வந்தபோது அதன் மேல் ஒட்டியிருந்த தூசி அது. வட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் புதைந்த பிறகு வளர்ந்தது. இரண்டும் ஒரே குவார்ட்ஸ், ஒளி இரண்டிலும் ஒரே மாதிரி போகும், தூசி மட்டும் இல்லாவிட்டால் பிரித்தே பார்க்க முடியாது. அப்படி வளர்ந்து வளர்ந்து பக்கத்து மணியின் வளர்ச்சியோடு முட்டிக்கொண்டால், நடுவில் இருந்த துளை மூடியாயிற்று.

இதில் ஒரு விசித்திரம். மணலின் மேல் குளோரைட் என்கிற பச்சைக் களிமண் மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தால் புதுக் குவார்ட்ஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. நாலு கிலோமீட்டருக்குக் கீழேகூடச் சில இடங்களில் மணற்கல் தாராளமாகத் துளையோடு இருப்பதற்கு அதுதான் காரணம். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் அந்தப் பூச்சைக் கண்டால் முகம் மலர்வார்கள். தளம் போடுகிறவர்களுக்கு அது பெரிதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

மேலே இருந்த பாரம் அரித்துப்போய்க் கல் திரும்ப வெளியே வந்தால்? துளை திரும்பி வராது. விரிசல் விழலாம், மழைநீர் சில தாதுக்களைக் கரைக்கலாம். ஆனால் குவார்ட்ஸ் அடைத்த துளையை மேலே வருவது திறப்பதில்லை. ஆகவே இன்று யார்டில் வெயிலில் கிடக்கும் பலகையின் துளை அளவு, அது ஒருகாலத்தில் போய்வந்த ஆழத்தைச் சொல்கிறது. கலரைக் கேட்பதைவிட அதைக் கேட்பது மேல்.

இந்த மூன்று கல்லுக்கும் அந்தக் கதை வேறு வேறு. வெண்மஞ்சள் கல் ஜுராசிக் காலத்தின் ஆரம்பத்துப் பாலைவன மணல்மேடு. பலகையில் சாய்வுக் கோடுகள் தெரிகிறதே, காற்று மணலைச் சரித்த திசை அது. அதன் மேல் சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி டிராக்கன்ஸ்பர்க் மலைகளின் பசால்ட் பாறையாக உறைந்தது. லெசோத்தோ பக்கம் இன்றைக்கு மிச்சம் இருப்பதே 1,400 மீட்டர் தடிமனுக்கு மேல். பாரம்தான், ஆனால் மற்ற இரண்டையும் பார்த்தால் இது சின்னப் பாரம். டிராக்கன்ஸ்பர்க் குகைகளில் சான் என்கிற பழங்குடி மக்கள் வரைந்த ஓவியங்கள் இந்தக் கல்லின் மேல்தான் இருக்கின்றன. அவை செதில் செதிலாக உதிர்வதற்கும் இதே துளைகள் ஒரு காரணம்: ஈரம் உள்ளே போகிறது, உப்பைக் கூட்டிக்கொண்டு முகத்துக்கு வருகிறது, உப்பு படிகமாகும்போது தோலை நெம்பித் தள்ளுகிறது.

நேட்டால் கல் ஆற்று மணல். அதன் மேல் 30 கோடி வருஷத்துக்கு முந்தைய பனிக்காலத்து ட்வைக்கா படிவு, அதற்குமேல் கரூ என்கிற படிவுப் பாறை அடுக்குகள், எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பசால்ட். கிலோமீட்டர் கணக்கில் பாரம். ஃபெல்ட்ஸ்பார் என்கிற தாது நிறைய உள்ள மணல் அது. ஃபெல்ட்ஸ்பார் கரைந்தால் களிமண்ணாக மாறி இடுக்குகளில் உட்காரும். செந்நிறம், மணியைப் போர்த்திய இரும்பு ஆக்சைடு. கேப் கல்லோ இன்னும் ஆழம் போனது, போதாதற்குச் சுமார் 25 கோடி வருஷத்துக்கு முன் மலையாக மடிந்தபோது நசுக்கவும் பட்டது. அந்தப் பக்கத்து மலைகளில் நிலத்தடி நீர் கிடைப்பது கல்லின் துளையிலிருந்து அல்ல, விரிசலிலிருந்து. துளையில் ஏது இடம்?

நான் வளர்ந்த ஊரில் இதற்கு நேர்எதிர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலும் கீழும் இருப்பது கடலூர் மணற்கல், இளசு, அதிகம் புதையாதது. நிலக்கரிக்குக் கீழே உள்ள மணலில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. ராத்திரி பகலாகப் பம்பு போட்டு இறைக்காவிட்டால் சுரங்கத் தரையைப் பெயர்த்துக்கொண்டு வரும். அப்பா ஷிப்டு முடிந்து வந்து பேசுவதில் பாதி அந்தப் பம்புகளைப் பற்றித்தான். துளை என்றால் என்ன என்பதை நான் கல்லூரியில் கற்கவில்லை.

சரி, தராசுக்கு வருவோம். யார்டில் வெட்டி மீந்த துண்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். கையளவு மூன்று துண்டு எடுத்துவந்து, அடுப்பில் மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தி, கோயில் சமையல்கட்டின் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தேன். பிறகு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, மேலே உள்ள ஈரத்தைத் துடைத்துவிட்டுத் திரும்ப நிறுத்தேன். வெண்மஞ்சள் 412 கிராம், 428 ஆயிற்று. செம்பழுப்பு 405, 411 ஆயிற்று. கேப் கல் 398, 400 ஆயிற்று.

இதிலிருந்து துளையைக் கணக்குப் போடுவது எளிது. தண்ணீர் ஒரு கிராம், ஒரு கன சென்டிமீட்டர். குவார்ட்ஸ் 2.65 கிராம், ஒரு கன சென்டிமீட்டர். வெண்மஞ்சளில் திடப்பொருள் 412 வகுத்தல் 2.65, அதாவது சுமார் 155 கன சென்டிமீட்டர். துளை 16. மொத்தம் 171-ல் 16, அதாவது 9 சதவீதம் சொச்சம். செம்பழுப்பு 4-க்குக் கொஞ்சம் குறைவு. கேப் கல் 1-ஐத் தாண்டி ஒரு துளி. காற்று அடைபட்ட துளையும், வழி இல்லாத துளையும் இந்தக் கணக்கில் வராது, ஆகவே உண்மை கொஞ்சம் கூடவே இருக்கும். முற்றம் போடுகிறவருக்கு இது போதும். படிந்தபோது 40 இருந்த இடத்தில் ஒன்று 9-க்கும், ஒன்று 4-க்கும், ஒன்று 1-க்கும் வந்திருக்கிறது. "கலர்தான் வேற" என்றானே தம்பி!

கமிட்டிக் கூட்டத்தில் இந்த எண்களைச் சொன்னதும் ஒருவர் எழுந்து, "காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் மணற்கல்தானே, 1,300 வருஷமா நிக்கலையா?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. நிற்கிறது. ஆனால் ராஜசிம்மன் காலத்து ஸ்தபதிகள் அடித்தளத்துக்குக் கிரானைட்டைத்தான் வைத்தார்கள், மேலேதான் மணற்கல். அந்த மணற்கல் சிற்பங்களும் அரித்துப்போய், பிற்காலத்தில் சுதை பூசி ஒப்பேற்றியிருப்பதைப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் எந்தக் கல்லை வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ராஜூ அண்ணா, "அப்ப நாமளும் அப்படியே செய்வோம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

எலுமிச்சை சோதனையைச் சொல்லாமல் விடக்கூடாது. மணற்கல்லில் ஒட்டுப் பசை எப்போதும் குவார்ட்ஸ்தான் என்று இல்லை. ஆழம் போவதற்கு முன்னாலேயே நிலத்தடி நீரிலிருந்து கால்சைட், அதாவது சுண்ணாம்பு, துளைகளில் படிந்துவிடுவது உண்டு. அப்படிப் படிந்தால் துளை அடைந்து கல் கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் அமிலம் பட்டால் அந்தப் பசை கரையும். வெண்மஞ்சள் பலகைகள் சிலவற்றில் கொஞ்சம் வெளுத்த, உருண்டைத் திட்டுகள் இருந்தன. அதன் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். பொடிப்பொடியாக நுரை. லென்ஸில் பார்த்தால் மணிகளுக்கு நடுவிலிருந்து குமிழி வருவது தெரியும். பக்கத்துப் பலகையில் ஒன்றுமே இல்லை. ஒரே குவாரி, ஒரே அடுக்கு, ஒரே விலை. வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு வைக்கும் திண்ணையில் அந்தத் திட்டு உள்ள கல் போனால், சில வருஷத்தில் அங்கே குழி விழும். விளக்குப் பொறுப்பு பார்க்கும் அம்மணி பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "அம்மனுக்கு எலுமிச்சம்பழத்தை நிறுத்தச் சொல்றியாடி?" என்று கண்ணை உருட்டினார். இல்லை பெரியம்மா, கல்லை மாற்றச் சொல்கிறேன்.

இனி யார்டின் உண்மையான பொக்கிஷம். வெட்டும் மேஸ்திரி ஃப்ரீ ஸ்டேட்டில் ஃபிக்ஸ்பர்க் பக்கத்து சோத்தோ இனத்தவர். அந்த வெண்மஞ்சள் கல்லால் கட்டிய வீட்டில் பிறந்தவராம். கவுண்டரில் இருந்த தம்பிக்குத் தெரியாதது அத்தனையும் அவருக்குத் தெரியும். பலகையை ஈரத்துணியால் துடைத்து, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து, அடுக்குக் கோட்டை விரலால் காட்டினார். பூமியில் எந்த வாக்கில் கிடந்ததோ அதே வாக்கில் கிடத்த வேண்டும் என்றார். செங்குத்தாகத் திருப்பிச் சுவரில் ஒட்டினால் அடுக்கு அடுக்காகத் தோல் உரியும். காசு மிச்சம் பிடிக்கும் சில கொத்தனார்கள் பலகை அகலமாக வருகிறதே என்று அப்படித்தான் ஒட்டுகிறார்களாம். படிக்கட்டு விளிம்புகளைக் குழந்தைகள் காலில் குத்தாதபடி உருட்டிக் கொடுத்தார், ஒவ்வொன்றும் அச்சு மாறாமல். நுரை வந்த பலகைகளைக் காட்டியதும் அவரே சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டு ஒதுக்கினார். விவாதமே இல்லை. இந்த யார்டுக்கு நான் இன்னொரு முறை போவேன் என்றால் அது அவருக்காகத்தான்.

சீலர். இதுதான் சண்டை. "ஆல் இன் ஒன், தண்ணி, எண்ணெய், மஞ்சள், எதுவும் இறங்காது" என்று சொல்லித் தலையில் கட்டினார்கள். டின்னின் பின்பக்கம் பொடி எழுத்தில் படித்தால் அது சிலாக்ஸேன் வகை. அது கெட்ட சரக்கு அல்ல. துளையை அடைக்காமல் துளையின் சுவரில் மட்டும் ஒட்டி, தண்ணீரை விரட்டும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே வர வழி விடும். டர்பன் மாதிரி கடல் உப்புக் காற்றுள்ள ஊருக்கு அதுதான் சரி. மேலே பளபளவென்று படலம் போடும் அக்ரிலிக் சீலரை மணற்கல்லில் அடித்தால், உப்பும் ஈரமும் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு தோலோடு பெயர்த்துக்கொண்டு வரும். ஆனால் எண்ணெய்? சாதாரண சிலாக்ஸேனுக்கு எண்ணெயை நிறுத்தும் சக்தி கிடையாது. அதற்கு ஃப்ளூரோபாலிமர் கலந்தது வேண்டும், விலையும் கூட. சீலர் அடித்துக் காயவைத்த வெண்மஞ்சள் துண்டில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன். மறுநாள் காலையில் ஐந்து ரேண்ட் காசு அளவுக்குக் கறை, திருப்பினால் பின்பக்கமும் லேசாகத் தெரிகிறது. அதே சீலர், அதே எண்ணெய், கேப் கல்லில் துணியால் துடைத்ததும் போய்விட்டது. போனது சீலரின் புண்ணியத்தில் அல்ல, இறங்க இடம் இல்லாததால்.

திறக்காத டின்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். முதலில் சரி என்றார்கள், பிறகு மேனேஜர் லீவு என்றார்கள், அப்புறம் மெயில் போடச் சொன்னார்கள். போட்டிருக்கிறோம். துண்டின் போட்டோவும் இணைத்திருக்கிறோம்.

டெலிவரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நாளில் வந்தது, கிரேட்டுக்கு நடுவில் வைக்கோல் அட்டை, இரண்டு பலகை மட்டும் மூலை உடைந்திருந்தது, கேட்காமலே மாற்றித் தந்தார்கள். லாரிக்காரர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இறக்கினார். பெரியம்மா அவருக்கு ஒரு டப்பா நிறைய சுண்டல் கட்டிக் கொடுத்தார்.

கடைசியில் வாங்கியது இதுதான். அபிஷேகத் தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரமும், எலுமிச்சை விளக்குத் திண்ணையும், கொடிமரத்தைச் சுற்றியும் கேப் கல். பரப்பு குறைவு, ஆகவே விலை கடிக்கவில்லை. காவடி நடக்கும் பெரிய முற்றம் முழுக்க நேட்டால் செம்பழுப்பு, கிரைண்டர் மட்டும் போட்டது, பாலிஷ் கிடையாது. ஈரத்தில் வழுக்காது, இந்த ஊர்க் கல், உடைந்தால் இதே நிறத்தில் இன்னொன்று கிடைக்கும். வெண்மஞ்சள் கல் சுவரின் மேல்பகுதிக்கு மட்டும், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மேலே, மேஸ்திரி சொன்ன வாக்கில். அழகு என்று பார்த்தால் மூன்றிலும் அதுதான் அழகு, சாயங்கால வெயிலில் அதன் நிறத்துக்கு ஈடு இல்லை. வீட்டு வரவேற்பறைச் சுவருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கச் சொல்வேன். எண்ணெயும் பாலும் படாத இடத்தில் 9 சதவீதத் துளை யாரை என்ன செய்யப்போகிறது?

போகிறவர்கள் கவுண்டரில் நின்று நேரத்தைப் போக்காமல் நேராகப் பின்கொட்டகைக்குப் போங்கள். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு எலுமிச்சை கொண்டுபோங்கள். ஒவ்வொரு கிரேட்டிலிருந்தும் ஒரு பலகையாவது பாருங்கள், மேல் பலகையை மட்டும் பார்த்து அடியில் இருப்பதை நம்பாதீர்கள். சீலர் வேறு கடையில் வாங்குங்கள். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுகிறார்கள், பதினொன்றுக்கு மேல் மேஸ்திரிக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. வார நாள் காலையில் போனால் அவரே துண்டு எடுத்து உடைத்துக் காட்டுவார்.